ஜோஸ்னாவின் டப்பா

ஏன்னா,

எரிசேரி மூடி வைத்திருக்கிறேன். சாதம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கோ. பதினொரு மணிக்கு கேஸ் வரும். வாசல் சாவி காலண்டர் ஆணியில் தொங்குகிறது.

நேற்று நான் பதில் பேசாமல் படுத்தது கோபத்தில்தான். “ஸ்கூல்ல ஸ்பெஷல் குழந்தைகளுக்கு ஒத்தாசைன்னே, சரின்னேன். மீன் டப்பாவையும் திறந்துவிடணுமா? உன் கையில வாடை அடிக்கறதுடீ” என்றீர்கள். அடிக்கத்தான் செய்யும். ஜோஸ்னாவின் அப்பா விழிஞ்ஞத்தில் கடலுக்குப் போகிறவர். அவள் டப்பாவில் வற்றல் குழம்பா இருக்கும்? அந்த எட்டு வயதுக் குழந்தைக்கு விரல்கள் சரியாக விரியாது. அதனால் நான் திறந்துவிடுகிறேன்.

மூன்று மாதமாக, டப்பாவின் கொக்கியில் ஒரு துணி நாடாவை வளையமாகக் கட்டி, அதை மணிக்கட்டில் மாட்டி இழுக்கப் பழக்கி வருகிறேன். நேற்றுப் பாதி திறந்தது. “டீச்சரே, நாளெ ஞான் துறக்காம்” என்று, நாளைக்குத் தானே திறப்பதாக அவளே சொல்லிவிட்டாள். அதனால் இன்று மத்தியானம் நான் கையைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டு சும்மா உட்காரவேண்டும். இந்த வேலையிலேயே அதுதான் கஷ்டம்.

சாயங்காலம் சோப்புப் போடாமல் வருகிறேன். முதலில் என் கையை மோந்து பாருங்கோ. வாடையே இல்லையென்றால் அவள் தானே திறந்துவிட்டாள் என்று அர்த்தம். இரண்டு பேரும் சந்தோஷப்படலாம்.

சுப்ரியா

பி.கு.: வாடை அடித்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீங்கோ. நாளைக்கு மறுபடி இழுத்துப் பார்ப்பாள்.

இன்னொன்று. உங்கள் பழைய மயில்கண் வேஷ்டியில் ஒரு சாண் கரையைக் காணோம் என்று தேடாதீங்கோ. அது மூன்று மாதமாக மீன் டப்பாவில் இருக்கிறது.