ஆறாம் நம்பர் ஷூவும் அசையாத புள்ளியும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மாவும் நலம்தான், காலில் இரண்டு நகம் இன்னும் முளைக்கவில்லை என்பதைத் தவிர. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக நடமாடுகிறாய் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது அப்பா எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று உனக்குத் தோன்றும். போனில் நீ என்னைப் பேசவிட்டால்தானே. நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீ ஒரு கேள்வி கேட்கிறாய், பதில் சொல்வதற்குள் மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய். மூன்று வாரமாக ஒரே கேள்வி, அம்மா ஏன் என் மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரல் படத்தை மட்டும் அனுப்புகிறாள், சர்க்கரை ஏறிவிட்டதா, என்மேல் கோபமா என்று. நம் வீட்டில் எந்த அறையில் நின்று பேசினாலும் அவள் காதில் விழும், அதனால் பணிமனையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டயர் அடுக்குக்குப் பின்னால் இருக்கும் மேசையில் வைத்து எழுதுகிறேன். தாளில் கறுப்பு விரல் ரேகை இருந்தால் பொறுத்துக்கொள். முழுக்கப் படி. நடுவில் மீட்டிங் வந்தால் அதைத் தள்ளிவை.

இந்த வம்பை ஆரம்பித்து வைத்தவன் நீ என்பதை முதலில் ஒப்புக்கொள். டாக்டர் என்ன சொன்னார், தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்றார். நடப்பதோடு விட்டிருந்தால் வீடு வீடாக இருந்திருக்கும். நீ லீவில் வந்த பத்து நாளில் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் குன்றுக்குக் கூட்டிப்போய், நடந்தவளை ஓடவிட்டு, ஓடியவளை மலையேறவிட்டு, ஊருக்குத் திரும்பிய கையோடு நான்தான் இனி உன் கோச் என்று வாராவாரம் அட்டவணை அனுப்ப ஆரம்பித்தாய். அன்றிலிருந்து நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை, குளியலறையில் ஈரச் சாக்ஸ், ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் ஆறு மணிக்கு. ஒருநாள் வேலை முடிந்து வந்தால் உன் அம்மா முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு நம் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள், கீழ்வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்ல ஏதாவது பிரச்சனையா சார், அவங்க கிளம்பிப் போறேன்னு சொல்றாங்களா என்று கேட்கிறார். அத்தை போன் செய்து, இந்த வயசுல அண்ணி எதுக்கு ஓடறாங்க, யாரு துரத்தறா என்கிறாள். நான் யாருக்கென்று பதில் சொல்வது. ஆனால் ஒன்று, சர்க்கரை இறங்கியது, முகம் தெளிந்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, காலை நீட்டிப் போட்டு யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருப்பாளே, அந்த அம்மா இப்போது இல்லை. குன்றில் எந்தத் திருப்பத்தில் எந்தக் கல் ஆடுகிறது என்று எனக்கு ஒப்பிக்கிறாள். எனக்கு எதற்கு அந்தக் கல்லெல்லாம், இருந்தாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து ஷூ விஷயத்துக்கு வருகிறேன், இதில் உன்னையும் திட்ட வேண்டும், என்னையும் திட்டிக்கொள்ள வேண்டும். நீ அனுப்பிய முதல் ஜோடியைப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. அடிப்பாகம் பஞ்சு மெத்தை மாதிரி இத்தனை உயரம், தரையைக் கவ்வும் பட்டன் பேருக்குக்கூட இல்லை. முப்பத்தோரு வருஷமாக பஸ் டயரைத் தடவிப் பார்த்துப் பிழைப்பவன் சொல்கிறேன், பட்டன் இல்லாத வழவழப்பான டயரைத் தார் ரோட்டில் ஓட்டலாம், சரளைக்கல் சரிவில் ஓட்டினால் வண்டி போகிற இடம் வேறு. சொன்னேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அவன் பதினேழு பேருக்கு கோச் என்று என் வாயை அடைத்துவிட்டாள். அடுத்த மாதம் உன் அம்மா நகப்பூச்சு போட ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குக்கூடப் போடாதவள், கால்விரல் பத்துக்கும் கருஞ்சிவப்பில் பூசிக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு நடக்கிறாள். நானும் ஏதோ புது ஆசை என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணி காயப்போடும்போது சாக்ஸ் இல்லாமல் நின்றாள், பார்த்தேன், பூச்சுக்குள்ளே ஆறு நகம் கன்றிப்போய்க் கறுப்பு, இரண்டு நகம் விழுந்தே விட்டது, விழுந்த இடத்தில் தோலுக்கே சாயம் பூசி வைத்திருக்கிறாள். என்ன இது என்றால், மலையில இறங்கும்போது விரல் முன்னாடி போய் இடிக்குது, எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும், அவன்கிட்ட சொல்லிடாதீங்க, ஓடவேண்டாம்னு சொல்லிடுவான் என்கிறாள்.

விடுவேனா, அன்றைக்கே கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஓட்டக்காரர்களுக்கென்றே இருக்கும் கடை, அங்கே இருந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், ஆனால் நிதானம் இருந்தது. எடுத்தவுடன் எந்த ஷூவையும் காட்டவில்லை. நல்லவேளை சாயங்காலமா வந்தீங்க, காலையில அளந்தா கால் சின்னதா காட்டும் என்று சொல்லிவிட்டு, அம்மாவை உட்காரவிடாமல் அளவுப் பலகையில் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வைத்து அளந்தாள். ஏழரை. ஆறு போட்டுக்கொண்டிருப்பவளுக்கு ஏழரை. எத்தனை வருஷமா ஆறு போடறீங்க என்று அந்தப் பெண் கேட்டதற்கு உன் அம்மா என்னைப் பார்த்தாள். உனக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. கல்யாணமான புதிதில், நான் காலண்டர் தாளின் பின்பக்கம் அவள் காலை வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டி வைத்திருந்தேன். அவளுக்குக் கடைக்குப் போக நேரமில்லை, செருப்பு தேய்ந்தால் பணிமனைக்குப் பக்கத்துக் கடையில் அந்தத் தாளைக் காட்டி நானே வாங்கி வருவேன், அதில் எனக்கு ஒரு பெருமை. நீ பிறந்த பிறகு கால் வளர்ந்திருக்கிறது. குழந்தை பிறந்தா நிறைய பேருக்குக் கால் ஒரு சைஸ் கூடும் சார் என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொல்கிறாள். இருபத்தொன்பது வருஷமாக விரலை மடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள், அதுவும் நாள் முழுக்க நிற்கிற வேலையில். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கடையிலேயே கேட்டுவிட்டேன், கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். நீங்க ஆசையா வாங்கிட்டு வர்றதை எப்படிச் சின்னதுன்னு சொல்றது என்றாள். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கோபப்படுவதா, அழுவதா. நீயாவது கேட்டிருக்கலாம், உன்னிடம் வருகிறவர்கள் எல்லோரையும் காலை அளந்துவிட்டு வரச் சொல்கிறாய், பெற்றவளிடம் மட்டும் போனில் என்ன சைஸ் என்று கேட்டு, ஆறு என்றதும் அப்படியே நம்பியிருக்கிறாய். நம் இரண்டு பேருக்கும் சேர்த்து அந்தப் பெண் ஒரு வேலை செய்தாள். கடைக்குள்ளேயே கல் பதித்த ஒரு சரிவுப் பலகை இருந்தது, ஒவ்வொரு ஜோடியையும் போட்டு அதில் இறங்கச் சொன்னாள், விரல் முன்னால் போய் இடித்தால் அது வேண்டாம் என்று கழற்றிவிட்டாள். ஐந்தாவது ஜோடிதான் பொருந்தியது, அடிப்பாகம் தாழ்வு, பட்டன் ஆழம், குதிகாலைக் கவ்விப் பிடிக்கிறது, முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம். நிறம் மட்டும் கண்ணைப் பறிக்கிற மஞ்சள், அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இனி அந்த மலையோட்டப் போட்டி நாள். நீ அங்கிருந்து உன் திரையில் அம்மா ஓடுவதை ஒரு புள்ளியாகப் பார்த்தாய், நான் அங்கேயே இருந்தேன், அதனால் இப்போது நான் சொல்வதைக் கேள். இதை உன்னிடம் போனில் சொல்லக்கூடாது என்று அவள் என்னிடம் உறுதி வாங்கியிருக்கிறாள், எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. இருபத்தொரு கிலோமீட்டர், மூன்றாவது தண்ணீர் மேசையைப் பத்தரை மணிக்குள் தாண்டாவிட்டால் போட்டியை விட்டு எடுத்துவிடுவார்கள். நான் இரண்டாவது மேசையில் வாழைப்பழம் நறுக்கும் வேலைக்கு நின்றிருந்தேன். ஒன்பதே காலுக்கு அம்மா வந்தாள், உன் கணக்குக்கும் முன்னால், சிரித்துக்கொண்டே அரைப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டு போனாள். அதற்கு மேல் ஏற்றத்தில் ஒரு பெண் பாதையோரம் கையை ஊன்றிக் கிடந்திருக்கிறாள், மூச்சு வாங்கமுடியவில்லை, விசில் மாதிரி சத்தம். லாரி எடை மேடையில் கணக்கெழுதுகிறவள், முப்பது வயது இருக்கும், உறிஞ்சும் மருந்தைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். தாண்டிப் போனவர்கள் என்னக்கா ஆச்சு என்று விசாரித்துவிட்டு, நேரம் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். உன் அம்மா உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெண்ணை நிமிர்த்தி, முழங்கையை முழங்காலில் ஊன்றிக் கொஞ்சம் முன்னால் சாய வைத்து, உதட்டைக் குவிச்சு மெதுவா வெளியே விடும்மா, அவசரமில்ல, நான் எங்கயும் போகல என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். கீழே இறங்கி வந்த ஒருவரை மருந்துக்கு அனுப்பி, அது வந்து, மூச்சு சீராகி, முதலுதவிக்காரர்கள் ஏறி வந்து சேரும்வரை நாற்பத்தைந்து நிமிடம். உனக்கு ஆறு வயதுவரை இதே மாதிரி மூச்சு முட்டும், இதே மாதிரி உட்கார வைத்துத்தான் உன் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் இருப்பாள், உனக்கு நினைவிருக்காது. அதற்குப் பிறகு அவள் எழுந்து ஓடியிருக்கிறாள், ஓடி மூன்றாவது மேசைக்குப் போகும்போது பன்னிரண்டு நிமிடம் தாமதம். உங்க போட்டி முடிஞ்சது என்று, மார்பில் குத்தியிருந்த எண் அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஜீப்பில் என் மேசைக்கு இறக்கிவிட்டார்கள், வரும்போது நன்றாகத்தான் வந்தாள். அப்போதுதான் உன் போன். அவள் கை முழுக்க மண், அதனால் நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன், என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். ஏம்மா நின்ன, முக்கால் மணி நேரம் ஒரே இடத்துல என்ன பண்ணின, நாலு மாச உழைப்பு, பாதியில விடறதே உனக்குப் பழக்கமாயிருச்சு என்றாய். பழம் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கத்தியை நிறுத்திவிட்டார்கள். எதைச் சொன்னாய் என்று உனக்குத் தெரிந்துதான் சொன்னாயா. பட்டப்படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டாள், உனக்கு அந்த மூச்சுத்திணறல் அடிக்கடி வந்த வருஷம் அது. அதை ஒரு நாளும் அவள் உன்னிடம் சொல்லிக்காட்டியதில்லை, நானும் இன்றுவரை சொன்னதில்லை. அவள் உன்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா, சரிப்பா, நீ சாப்பிட்டியா என்று கேட்டாள். நீ பேச்சை மாத்தாத என்றாய். பிறகு மண்ணோடு இருந்த அதே கையால் போனை வாங்கி அணைத்து என் சட்டைப்பையில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து நீ இன்னும் கடுமையான புது அட்டவணை அனுப்பினாயே, அதை அவள் பிரிண்ட் எடுக்கவே இல்லை.

நடந்ததை முழுக்க எனக்குச் சொன்னது அந்த எடை மேடைப் பெண்தான், அடுத்த ஞாயிறு பழப்பையோடு வீட்டுக்கே வந்தாள். அக்கா இல்லன்னா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள், உன் அம்மா காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அந்தப் பெண் கிளம்பிப் போன பிறகு, மகனிடம் சொல்லவேண்டியதுதானே என்று கேட்டேன். வேண்டாங்க, சாக்கு சொல்றேன்னு நினைப்பான் என்றாள். பார்த்துக்கொள், பெற்ற பிள்ளையிடம் நடந்ததைச் சொல்வதற்கே பயப்படும்படி நீ கோச்சாக இருந்திருக்கிறாய். நீ கெட்ட பிள்ளை இல்லை, எனக்குத் தெரியும். அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மா உடம்பு நன்றாக இருக்கவேண்டும் என்ற பயத்தை எண்ணாக மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறாய். நானும் அப்படித்தான், ஒரு தாளை வைத்துக்கொண்டு எல்லாம் சரியாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் அவளைப் பார்க்கவில்லை. அதற்காக அவள் எதையும் விட்டுவிட்டாள் என்று நினைக்காதே, வாரத்தில் நான்கு நாள் குன்றுக்குப் போகிறாள், கூடவே எடை மேடைப் பெண்ணும் போகிறாள், அவள் மருந்தை உன் அம்மாதான் தன் இடுப்புப் பையில் வைத்துக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு, காலை பத்து மணிக்குக் கூப்பிடு. எத்தனை கிலோமீட்டர், இதயத்துடிப்பு எத்தனை என்று ஆரம்பித்தாயானால் நானே போனை வாங்கி வைத்துவிடுவேன். மன்னிப்பு என்று பெரிதாக ஒன்றும் பேசவேண்டாம், அவளுக்குக் கூச்சமாகிவிடும். என்னம்மா பண்ற என்று கேள், பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிரு. திட்டினால் நல்லது, வாங்கிக்கொள். நான் இந்தக் கடிதம் எழுதியதைச் சொல்லாதே, சொன்னால் எனக்கு வீட்டில் ஒரு வாரம் சாப்பாடு கிடைக்காது. உடம்பைப் பார்த்துக்கொள், உனக்கு ஒரு குறையும் வராமல் நூறு வயது நன்றாக இருக்கவேண்டும் என்று அப்பாவின் ஆசீர்வாதம். மறந்துவிடாதே, ஞாயிறு, பத்து மணி, இங்கே பத்து, உன் ஊர்ப் பத்து இல்லை.

முடிக்கப்போகிறவன் இதையும் சொல்லிவிடுகிறேன். அதே பாதையில் அடுத்த போட்டிக்கு நேற்று விண்ணப்பம் எழுதினாள், தபாலில் போட என்னிடம்தான் கொடுத்தாள், உறையை ஒட்டவில்லை, அதனால் பார்த்தேன். பயிற்சியாளர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் முதலில் யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாள். பிறகு அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே கிடைத்த கொஞ்ச இடத்தில் நெருக்கி நெருக்கி உன் பெயரை முதலெழுத்தோடு முழுதாக எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா