பறவை போட்ட வெள்ளிக் காசு

ஏகினா, 1829 செப்டம்பர் 14
சிலுவைத் திருநாள். கோவில் வாசலில் கப்பல்காரர் லெக்காஸ் என்னை நிறுத்தினார். அலெக்சாந்திரியாவில் என் மரூகாவைப் பார்த்திருக்கிறார்! கியோஸ் தீவில் துருக்கியர் அவளைப் பிடுங்கிக்கொண்டு போனபோது ஏழு வயது; ஏழு வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஒரு பருத்தி வியாபாரி வீட்டில் துணி துவைக்கிறாளாம்.
"காதுக்குப் பின்னாடி மச்சம் இருக்கும்மா. பேரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்துச்சு."
வியாபாரி விலை சொல்லிவிட்டான். எங்கள் சேமிப்பு போதும். அக்டோபர் கடைசியில் மறுபடி போகிறார். 

செப்டம்பர் 20
அவளுக்கு என் பழைய பாவாடையைப் பிரித்துத் தைக்கிறேன். எவ்வளவு உயரம் இருப்பாள்?

அக்டோபர் 2
நேற்று நம் நாட்டின் முதல் வெள்ளிக் காசு வெளியே வந்தது. ஃபீனிக்ஸ் என்று பெயர். நெருப்பிலிருந்து எழும் பறவை. என் வீட்டுக்காரர் சன்னிஸ் நாணயச்சாலையில் அச்சு இயந்திரத்தின் கைப்பிடியைத் தள்ளுகிறவர். பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அழகாகத்தான் இருந்தது. நானும் முத்தமிட்டேன்.

அக்டோபர் 5
ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டார் இந்த மனுஷன்!
ஸ்பெயின் காசு, சுல்தான் காசு — மீட்புப் பணம் மொத்தத்தையும் கொடுத்துப் பறவைக் காசாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.
"என் மகளை சுல்தான் பேரு போட்ட காசுல மீட்கணுமாடி? நம்ம காசுல மீட்போம்."
"கப்பல்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"
"வெள்ளி எங்கே போனாலும் வெள்ளிதான். உனக்கு ஒண்ணும் புரியாது."
எனக்குத்தான் புரியாது. சரி. 

அக்டோபர் 23
லெக்காஸ் பறவைக் காசு ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.
"சன்னிஸ், இந்தக் குருவியை அங்கே ஒருத்தனும் சீண்ட மாட்டான்."
"சுத்த வெள்ளி, அண்ணே!"
"நீ சொல்ற, நான் நம்புறேன். அவன் எதுக்கு நம்பணும்? நேத்துப் பொறந்த நாடு நம்மது."
சன்னிஸின் காதெல்லாம் சிவந்துபோயிற்று.

அக்டோபர் 27
நாணயச்சாலையில் பழைய காசு இல்லை. வந்ததை எல்லாம் உருக்கிவிட்டார்கள். உருக்கியவர்களில் இவரும் ஒருவர். காசு மாற்றுபவன், ஒரு மாதம் கழித்து வா, அப்போதும் பாதிதான் தருவேன் என்கிறான். மீன்காரி கலோமிராவிடம்கூட மாற்றித் தரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். கோவிலில் புதுக் காசுக்காக எல்லோரையும்விட உரக்கப் பாடியவள் அவள்தான்.
"அக்கா, அதுக்காகப் பாட்டு வேணா பாடுறேன். மீன் தரமாட்டேன்."
மற்ற நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

நவம்பர் 1
கப்பல் போய்விட்டது. "வியாபாரியைப் பொறுத்திருக்கச் சொல்றேன்மா" என்றார் லெக்காஸ். சன்னிஸ் துறைமுகத்திலேயே நின்றிருந்தார். ரொட்டியை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

டிசம்பர் 12
மழை. பாவாடை தைத்து முடித்தாயிற்று.

1830 ஜனவரி 22
கப்பல் வந்தது. ப்சாரா தீவுக்காரி ஒருத்தியின் மகன் மீட்கப்பட்டு வந்து இறங்கினான். அவள் தரையில் விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். எனக்குப் பொறாமை.  கடவுளே, மன்னித்துக்கொள்.
லெக்காஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். வியாபாரி பொறுக்கவில்லை. யாரோ ஒருவனுக்கு விற்றுவிட்டான். அவன் நைல் நதி வழியே தெற்கே கூட்டிக்கொண்டு போய்விட்டானாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜனவரி 23
என் பொண்ணு. என் பொண்ணு.

பிப்ரவரி 8
இறந்தவர்களுக்கான சனிக்கிழமை. பெண்கள் எல்லோரும் இறந்தவர்களுக்குப் படைக்க வேகவைத்த கோதுமையோடு கோவிலுக்கு வந்திருந்தார்கள். நான் வெறுங்கையோடு போனேன். எங்கள் முறை வந்தது. மரூகாவின் பெயரைச் சொன்னேன்.
"உயிரோட இருக்கிறவங்களுக்கான ஜெபத்திலயா, போனவங்களுக்கான ஜெபத்திலயாம்மா?" என்று பாதிரியார் கேட்டார். 
பின்னாலிருந்து சன்னிஸ் சொன்னார்: "உயிரோட இருக்கிறவங்களுக்கு, சாமி."
திரும்பும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நான் சொன்னது பொய்யாடி?"
"தெரியலைங்க. வாங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.
கப்பல் போன நாளுக்குப் பிறகு நான் அவரிடம் பேசியது இதுதான் முதல் தடவை.