லைன் கிடைக்கலைன்னு நான் சொன்னது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. இங்க நான் உசுரோட நல்லாவே இருக்கேன், கால் வீக்கம் வத்திடுச்சு, சாப்பாடு இறங்குது, தூக்கம்தான் வர்றதும் போறதுமா இருக்கு. அங்க நீ, மாப்பிள்ளை, பேரன் மூணு பேரும் சளி காய்ச்சல் அண்டாம இருக்கணும். போன் இருக்கும்போது இவ எதுக்கு லெட்டர் எழுதுறான்னு நினைப்பே. போன்ல நீ என்னைப் பேச விட்டாத்தானே. அப்பா போய் இன்னைக்கோட இருபத்தி மூணு நாள் ஆச்சு, நீ பத்துத் தடவை கூப்பிட்டே, பத்துத் தடவையும் அழுதே, அழுது முடிச்சதும் உங்கண்ணனைத் திட்டினே, நான் உம் கொட்டிட்டு வச்சுட்டேன். லெட்டர்னா நடுவுல நீ குறுக்க பேச முடியாது பாரு.

வெள்ளம் வடிஞ்சு வீட்டைக் கழுவி முடிச்சாச்சு. கீழ் ரூம் சுவர்ல தண்ணி நின்ன கோடு என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கு, உங்க அண்ணி மூணு தரம் தேய்ச்சும் போகலை. அப்பாவோட கட்டிலைத் தூக்கிப் போட்டாச்சு. ஃபிரிட்ஜ் எப்படியோ பொழைச்சுக்கிச்சு. உன் நீச்சல் மெடல் எல்லாம் ஹால் அலமாரியில மேல் தட்டுல இருந்ததால நனையலை, சந்தோஷப்பட்டுக்கோ. உங்கண்ணன் வேலைக்குப் போக ஆரம்பிச்சிருக்கான், ஆனா சோத்தைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கான். அவன் பொண்ணு நம்ம வாலு இருக்காளே, அவ நீச்சல் பயிற்சிக்குப் போறதில்லை. கோச் ரெண்டு தடவை வீட்டுக்கே வந்து கெஞ்சிட்டுப் போனார், கதவைத் திறக்கலை. தலைக்குத் தண்ணி ஊத்தினாலே மூச்சு முட்டுதாம், ஈரத் துணியால துடைச்சுக்கிறா. என்னடி ஆச்சுன்னு அண்ணி கேட்டுக் கேட்டு, போன வாரம்தான் வாயைத் திறந்தா. அத்தை போன்ல, உன் மெடலைக் கொண்டுபோய்த் தாத்தா போட்டோவுக்கு மாட்டு, அதுக்குத்தானே அவர் செத்தாருன்னு சொன்னாங்களாம். பதிமூணு வயசுப் பிள்ளைகிட்ட இதைச் சொல்ல உனக்கு எப்படி நாக்கு வந்துச்சு? அப்படியே உங்க அப்பா வாய்.

வெள்ளம் வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கு முழுசாத் தெரியாது. அதுக்கு முந்தின சாயங்காலமே உங்கண்ணன், ஏரி நிரம்பி நிக்குது, அப்பாவை மாடிக்குத் தூக்கிடலாம்னான். அப்பாதான் வேண்டவே வேண்டாம்னார். மாடியில குழந்தை தூங்கணும், நான் இருமினா அவளுக்குத் தூக்கம் கெடும், ரேஸ் போயிடும்னு அந்தக் கோணின வாயாலயே கத்தினார். பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாகியும் அந்த அதிகாரம் மட்டும் அடங்கலை. காலையில மழை சுத்தமா விட்டு வெயில் அடிச்சுது, அதனாலதான் அவங்க மூணு பேரும் வாலுவோட நீச்சல் போட்டிக்குக் கிளம்பினாங்க. வாசல்ல செருப்பு மாட்டும்போது உங்கண்ணன் என் கையில போனைக் கொடுத்துட்டுச் சொன்னான், அம்மா, ரேஸ் நடக்குதேன்னு எதையும் யோசிக்காதே, என் போன் சட்டைப் பையிலதான் இருக்கும், லேசாத் தண்ணி தெரிஞ்சாலும் கூப்பிடுன்னான். மீட்புப் படை நம்பரையும் சுவர்ல கொட்டை எழுத்துல எழுதி ஒட்டிட்டுப் போனான். அவனைத்தான் நீ கொலைகாரன்னு சொன்னே.

ஒன்பதரைக்கு ஏரி மதகைத் திறந்துட்டாங்க. வாசப்படி தாண்டித் தண்ணி வந்துச்சு, கொஞ்ச நேரத்துல முழங்கால், பத்து மணிக்கு மெத்தை நனைஞ்சிடுச்சு. பக்கத்து வீட்டு டெய்லர் குடும்பம் முந்தின நாளே கிளம்பிப் போயிட்டாங்க, என் ஒருத்தியால அவரை அசைக்க முடியாது. தலகாணியை எல்லாம் முதுகுக்கு அடுக்கி அவரைச் சுவர்ல சாய்ச்சு உக்கார வச்சேன். அப்பதான் உங்க அப்பா, அவனைக் கூப்பிடுன்னார். போன் என் இடுப்புல இருந்துச்சு. லைனும் இருந்துச்சு.

நான் அவனையும் கூப்பிடலை, சுவர்ல இருந்த மீட்புப் படை நம்பரையும் கூப்பிடலை. பதினொரு மணிக்கு ரேஸ், முடியட்டும், போட்டி முடியற வரைக்கும் வீட்டு விஷயம் எதுவும் பிள்ளை காதுக்குப் போகக் கூடாதுங்குறது நீங்க போட்ட சட்டம்தானேன்னு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நீ மாநிலப் போட்டிக்குப் போன வருஷம் ஞாபகம் இருக்கா? எங்கம்மா ஆஸ்பத்திரியில இழுத்துக்கிட்டுக் கிடக்கான்னு வந்த போனை அவர்தான் எடுத்தார். எடுத்து, என்கிட்ட மூச்சு விடலை. ரெண்டு நாள். நான் அழுதா உனக்கு மனசு கலைஞ்சிடுமாம். நான் கேலரியில உக்காந்து கை தட்டிக்கிட்டிருந்தேன், அங்க எங்கம்மா முகத்தைக்கூடப் பார்க்க முடியாம எல்லாம் முடிஞ்சு போச்சு. நீ மெடலோட ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டே. உனக்கு ஒண்ணும் தெரியாது, நீயும் பதிமூணு வயசுக் குழந்தை, அந்த மெடலைப் பார்த்து ஒரு நாளும் உன்னை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீதான் வாலுவைக் கேட்டுட்டே.

அவர் சாகணும்னு நான் நினைக்கலைடி, நம்பினா நம்பு, நம்பாட்டிப் போ. கொஞ்சம் பயப்படட்டும், காத்துக்கிட்டிருக்கிறது எப்படி இருக்கும்னு தெரியட்டும்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை கூப்பிடுன்னார், மூணாவது தடவை கண்ணாலதான் கேட்டார். தண்ணி அவர் வயித்துக்கு வந்தப்போ போனைக் கையில எடுத்தேன், ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே நின்னேன். பதினொண்ணேகாலுக்குத்தான் கூப்பிட்டேன், முதல் மணியிலயே உங்கண்ணன் எடுத்தான். அவன் சொல்லி மீட்புப் படகு வர ஒரு மணி நேரம் ஆச்சு, அதுவரைக்கும் அவர் தாடையை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அப்படியும் அந்தத் தண்ணி அவர் வாய்க்குள்ள போயிடுச்சு. நாலாம் நாள் நுரையீரல்ல சீழ் வச்சு ஆஸ்பத்திரியில போயிட்டார். பத்து மணிக்கே கூப்பிட்டிருந்தா மெத்தை நனைஞ்சதோட போயிருக்கும். லைன் கிடைக்கலைன்னு எல்லாருக்கும் சொன்னேன். உனக்கும் அதைத்தான் சொன்னேன்.

உன் பிள்ளைக்கு அடுத்த மாசம் ஓட்டப் பந்தயம்னு சொன்னே, நல்லா ஓடட்டும், ஆனா அன்னைக்கு நீ போனை அணைச்சு வைக்காதே. மாப்பிள்ளையோட அம்மா தனியா கீழ் வீட்டுல இருக்காங்கன்னியே, அங்கயும் மழைக்காலம் வருது, அவங்களை இப்பவே மேல கொண்டுவந்து வை, அவங்க வேணாம்னு சொன்னாலும் கேக்காதே.

ஒண்ணு மட்டும் மறந்துடாதே. ஞாயித்துக்கிழமை காலையில வாலு வீட்டுல இருப்பா, நீ அவளைக் கூப்பிட்டு, அத்தை சொன்னது தப்பு, உன் ரேஸுக்கும் தாத்தாவுக்கும் சம்பந்தமே இல்லைன்னு உன் வாயால சொல்லணும். யாரு காரணம்னு அவ கேட்டா என் பேரைச் சொல்லு. எனக்கு அந்தத் தைரியம் வரலை, உங்கண்ணன்கிட்டயும் சொல்லலை. துக்கம் கேட்க வர்றவங்ககிட்ட எல்லாம், நான் அன்னைக்குப் போயிருக்கவே கூடாதுன்னு அவன் சொல்லிச் சொல்லி அழறான். நான் பக்கத்து நாற்காலியில உக்காந்து, அழாதேப்பான்னு அவன் முதுகைத் தடவி விட்டுக்கிட்டிருக்கேன்.

நீங்க மூணு பேரும் நூறு வயசு நல்லா இருக்கணும்,
உன் அம்மா