நகம் பட்ட டின்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறது. குழாய் ரிப்பேர்க்காரர் வந்தால் சாவி மாடி வீட்டு அக்காவிடம்.

நேற்று நான் வேலை பார்க்கும் கடைக்கு வந்து, பால்மாவு டின்னில் இருந்த புது விலை லேபிளை நகத்தால் சுரண்டி, அடியில் இருந்த பழைய விலையைக் காட்டி, "வரி ரெண்டு சதவீதம்தானே ஏறுச்சு, நீங்க பத்து ஏத்திட்டீங்களே!" என்று கத்தினீர்கள். பக்கத்தில் நின்ற நான் உங்களைத் தெரியாதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குத்தான் இன்னும் என்னிடம் பேசாமல் இருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த லேபிளை ஒட்டியதே நான்தான். முதலாளி ஒட்டச் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

இன்று கடை திறக்குமுன்னே வரச் சொல்லிவிட்டார். பழைய லேபிளை அடியோடு உரித்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டுமாம். இனிமேல் யார் சுரண்டினாலும் அடியில் ஒன்றும் இருக்காது.

பாப்பாவுக்குப் பால்மாவு அலமாரியில் இருக்கிறது. நீங்கள் சுரண்டி வைத்துவிட்டு வந்த அதே டின்தான். "இனி இதை எவன் வாங்குவான்? நீ வேடிக்கை பார்த்துட்டுதானே நின்ன" என்று முதலாளி என் தலையில் கட்டிவிட்டார்.

புது விலைக்கு.