புதன்கிழமைக்கு எழுதிவைத்த சொல்

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

உன் அண்ணன் போய் எட்டு மாதமாகிறது. அவன் கம்ப்யூட்டரிலேயே எனக்கென்று புது டிஸ்க் ஒன்று போட்டு, அவனுடையதை இரண்டாவதாக விட்டுவைத்தேன் அல்லவா, அன்றிலிருந்து ஆன் செய்தாலே அவனுடையதா என்னுடையதா என்று திரையில் இரண்டு வரி வந்து நிற்கும். அம்மா தினமும் காலையில் அவனுடையதைத் தட்டுவாள். அவன் பேர் வரும், பாஸ்வேர்டு கேட்கும், எதையாவது அடிப்பாள், தப்பு என்று வரும். அவன் படமெல்லாம்தான் என் டிஸ்க் வழியாக வெளியே எடுத்தாயிற்றே என்றால், அவன் எப்படி விட்டுட்டுப் போனானோ அப்படியே ஒரு தடவை பாக்கணும் என்பாள். பத்து மணிவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். என்னால் பார்க்க முடியவில்லை கண்ணு.

ரிப்பேர் கடைக்காரரிடம் கேட்டேன். அது பழைய மிச்சம் சார், உங்க பையனோட டிஸ்க்குல ஸ்டார்ட் ஆகிற ஃபைலை மட்டும் அழிச்சிடுங்க, நேரா உங்களுதுக்குப் போயிடும் என்றார். செவ்வாய்க்கிழமை அம்மா பல் டாக்டரிடம் போன நேரத்தில் நானே அழித்தேன். என் புத்திதான் உனக்குத் தெரியுமே, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் இருந்ததையும் சேர்த்து அழித்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது, என்னுடையதும் எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் வந்து பார்த்து, உங்க டிஸ்க்குல ஸ்டார்ட் ஃபைலே இல்ல சார், இத்தனை நாளா உங்க பையனோடதுதான் ரெண்டையும் எழுப்பிவிட்டிருக்கு என்றார். என்னுடையதைச் சரிசெய்துவிட்டார். அவனுடையது என்ன செய்தும் வரவில்லை.

மறுநாள் காலையில் அம்மா வந்து உட்கார்ந்தாள், இரண்டு வரி வரவில்லை. அவன் பேரு எங்கங்க என்றாள். தானாகவே கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னேன். எழுந்து போனாள். நான் ஆசைப்பட்டபடி இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

நேற்று கீபோர்டுக்கு அடியில் அவள் நோட்டு இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு சொல், எல்லாம் கோடு போட்டு அடித்திருக்கிறது. அவன் பள்ளிக்கூடம், நாம் வளர்த்த நாய், என் பேர், அவள் பேர். புதன்கிழமைக்கு எழுதியது மட்டும் அடிக்கவில்லை. வாலு. அவன் உன்னைக் கூப்பிடுவது.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு, நீயாவது நூறு வயசு நல்லா இரு. ஒன்றை மறக்காதே. அந்த பாஸ்வேர்டு உனக்குத் தெரிந்திருந்தால், அம்மாவிடம் மட்டுமல்ல, என்னிடமும் சொல்லாதே.

உன் அப்பா