கதவில் காய்ந்த சந்தனம்

என் ஏழுமலை மச்சானுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதத்தான் கை போகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? இங்கே நல்ல மழை. வேங்கிக்கால் பக்கம் ரொட்டி போடப் போன நம் பையன் பாதி டிரேயை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறான். மலை மேகத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. பேக்கரி மாடியில் நம் ரயில் பத்திரமாக இருக்கிறது, பாலித்தீன் போட்டு மூடியிருக்கிறேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பேரை நான் கெடுத்துவிட்டேன் மச்சான். அதுவும் உன் சம்பந்தி வீட்டார் எதிரில்.

இன்சூரன்ஸ் பிடிக்க ஊர் ஊராய் அலைந்துவிட்டுச் சாயங்காலம் நேராக என் மாடிக்குத்தானே வருவாய்? பாதி வயசு தாண்டிய ரெண்டு பேர் பொம்மை ரயிலுக்குப் பலகை மேல் தண்டவாளம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நடுவில் மலையை நான்தான் சுவருக்குப் பூசும் புட்டியைக் குழைத்துப் பிடித்தேன். அதில் ஒரு குகை விடலாமா என்று கேட்டதற்கு, "அண்ணாமலையக் குடையச் சொல்றியாடா, பாவி!" என்று கத்தினாயே. அதனால் நம் ரயில் மலையைச் சுற்றித்தான் போகும். அதுவும் வலமாக மட்டும்.

ஆனால் உன் உயிர் ரயிலில் இல்லை, அந்தச் சரக்கு ஏற்றும் தொட்டியில் இருந்தது. என் டால்டா டின்னை வெட்டித் தொட்டி ஆக்கினாய். பழைய சிடி பிளேயரைப் பிரித்து, சிடி வைக்கிற தட்டு வெளியே வந்து உள்ளே போகுமே, அந்த மோட்டாரை எடுத்துத் தொட்டிக்கு அடியில் கதவாகப் பொருத்தினாய். வேகன் வந்து நின்றதும் கதவு தானாகத் திறக்க வேண்டும், சரக்கு கொட்ட வேண்டும், கதவு மூட வேண்டும், அடுத்த வேகன் வர வேண்டும். ஒரே சட்டம்தான் உனக்கு: கை படக் கூடாது.

செங்கல் பொடி போட்டுப் பார்த்தாய், அடைத்துக்கொண்டது. கடைசியில் ராகி பிஸ்கெட்டுக்கு நான் வைத்திருந்த டப்பாவிலிருந்து ஒரு கை கேழ்வரகை அள்ளிப் போட்டுவிட்டு, "அசல் இரும்புத் தாதுடா இது!" என்று குதித்தாய். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு வைத்திருந்த ராகி அது. அந்த மாசம் பிஸ்கெட் கம்மியாகத்தான் போட்டேன்.

நீ ஏன் அப்படி மெனக்கெட்டாய் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உன் வீட்டு கேட்டில் பாதிதான் பெயின்ட் இருக்கும். காலிங்பெல்லுக்கு ஒயர் தொங்கும், பெல் இருக்காது. எதையும் முடிக்காத மனுஷன் என்று உன்னைக் கட்டிக்கொண்ட மல்லிகா தங்கச்சி சிரித்துக்கொண்டே சொல்லும். நீயும் சிரிப்பாய், ஆனால் உள்ளே குத்தும். "இத ஒண்ண முடிச்சுக் காட்டறேன் பாரு. பவித்ரா வரட்டும், அவ மாமனாரையும் கூட்டியாரட்டும்" என்பாய்.

பங்குனியில் முடித்தாய். வேகன் எல்லாம் வரிசையாக வந்து நின்று நின்று ரொம்பிக்கொண்டு போயின. கை படவில்லை. நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். பார்த்தது நான் ஒருத்தன்தான். மகள் ஆரணியிலிருந்து வருவதற்குள் உனக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது.

இந்த வருஷம் உன் வீட்டில் பண்டிகை இல்லை. அதனால் ஆயுத பூஜை அன்றைக்கு ஓவனுக்கும் மாவு மெஷினுக்கும் பொட்டு வைத்த கையோடு நான் மாடிக்கு ஏறினேன். "பொட்டு வெக்கறதுனா பலகையில வெய், ஓடற சாமான்ல வெக்காதடா" என்று நீ வருஷா வருஷம் கத்துவது ஞாபகம் இல்லாமலா? இருந்தது. ஆனால் கத்தத்தான் ஆள் இல்லையே. உன் கை பட்ட சாமானுக்குக் கண் பட்டுவிடக் கூடாது என்று சந்தனத்தைக் குழைத்து அந்தக் கதவிலேயே தாராளமாக அப்பினேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச் சொல்லியிருந்தேன். தங்கச்சி, பவித்ரா, மாப்பிள்ளை, ஆரணிச் சம்பந்தி, அவர் சம்சாரம். பப்ஸ், டீ எல்லாம் கொடுத்துவிட்டு, "கை படாம ஓடும், பாருங்க" என்று பெரிய இவன் மாதிரி பேசினேன். சுவிட்சைப் போட்டேன். ரயில் மலையைச் சுற்றி வந்து தொட்டிக்கு அடியில் சரியாக நின்றது. மோட்டார் உறுமியது. கதவு திறக்கவில்லை.

மறுபடியும் போட்டேன். உறுமல்தான். சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அப்போது என் வாயிலிருந்து வந்தது இது:

"அவன் இந்தக் கதவ ஒழுங்கா முடிக்கலீங்க. நான் அப்பவே சொன்னேன், கேக்கல."

யோசிக்கக்கூட இல்லை மச்சான். தும்மல் மாதிரி வந்துவிட்டது.

"எனக்குத் தெரியாதாண்ணா? எதத்தான் முழுசா பண்ணாரு" என்று தங்கச்சி சிரித்தது. சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

"ஆசப்பட்டாரு, பாவம். வயசுக்கு மீறின வெளையாட்டு" என்றார் சம்பந்தி. நல்ல மனுஷன்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

பவித்ரா மட்டும் பலகை ஓரத்தில் விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றது. கிளம்பும்போது படியில் திரும்பி, "மாமா, இத பிரிச்சுடுங்க. உங்களுக்கு எடத்த அடச்சுட்டிருக்கு" என்றது.

அவர்கள் போனதும் தொட்டியிலிருந்த ராகியை அள்ளி எடுத்துவிட்டு, ஸ்க்ரூவைக் கழற்றிக் கதவை வெளியே இழுத்தேன். கதவு ஓடுகிற காடியில் சந்தனம் சிமென்ட் மாதிரி காய்ந்து கிடந்தது. மஞ்சளாக. நகத்தால் சுரண்டினால் அந்த வாசனை. ஈரத்துணியால் துடைத்து மாட்டி, ராகியைத் திரும்பக் கொட்டிச் சுவிட்சைப் போட்டேன். வேகனை வைக்கக்கூட நேரம் கொடுக்காமல் கதவு சரேலென்று திறந்தது. ராகி முழுக்கத் தண்டவாளத்திலும் என் வேட்டியிலும் கொட்டியது. அதற்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். கேவலமாக இருந்தது.

சந்தனம் வைத்ததற்காக இல்லை. அதைச் சொன்னால் நீயே, "லூசு, சொன்னேன் இல்ல?" என்று மண்டையில் ஒன்று போட்டுவிட்டு டீ கேட்பாய். நீ பக்கத்தில் நின்றிருந்தால் நான் மோட்டாரைக் குறை சொல்லியிருப்பேன், கரன்ட்டைக் குறை சொல்லியிருப்பேன். செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்று என் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் கூசுகிறது. உனக்கு நான் என்ன சிநேகிதன்?

உன் வீட்டுக்குப் போகக் கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் போய், ஆர்டர் இருக்கிறது என்று எனக்கு நானே பொய் சொல்லிக்கொண்டு திரும்பினேன். அதற்கப்புறமும் அதே மாதிரி. நேற்று மழையில் நனைந்துவிட்டேன், திரும்பிப் போகச் சாக்கு கிடைக்கவில்லை, போய்விட்டேன். தங்கச்சி வீட்டுக்குள் கயிறு கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன்.

"சந்தனமா? யாரு வெச்சது?"

"நான்தாம்மா."

திட்டும் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. கையிலிருந்த துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தது, அதில் தண்ணியே இல்லை.

"அப்ப அது ஓடுச்சாண்ணா? அவரு இருக்கும்போதே?"

"ஓடுச்சும்மா. எல்லா வண்டியும் ரொம்பிச்சு. கை படல. நான் பாத்தேன்."

"அன்னிக்கு வந்து சொன்னாரு. மல்லிகா, முடிச்சுட்டேன்னாரு. நான்தான் நம்பல. சரி சரி, கை கழுவிட்டு வாங்கனு சோத்தப் போட்டேன்."

நான் கிளம்பினேன். தங்கச்சி வாசல் வரைக்கும் வந்து, "பவித்ராகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணா. நான் சொன்னா அழுதுடுவேன்" என்றது.

போனில் சொல்லலாம்தான். ஆனால் உன்னைக் குறை சொன்னது அந்த அறையில், அத்தனை பேர் எதிரில். தீபத்துக்கு ஆரணிக்காரர்கள் வருகிறார்கள். தீபம் பார்த்த கையோடு என் மாடிக்குக் கூட்டிக்கொண்டு வரத் தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன் மச்சான். சுவிட்சைப் போடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். ரயில் முதலில் ஓடிவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள், அந்தச் சத்தத்துக்குள் நான் ஒளிந்துகொள்வேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் முதலில் வாயைத் திறப்பேன். "ஏழுமலை முடிச்சுட்டுத்தான் போனான், அடைச்சது நான்" என்று உன் சம்பந்தி முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அப்புறம் ரயிலை விடுவேன். வேகன் ரொம்புகிற வரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். பவித்ரா பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

பொட்டு பலகையில் மட்டும்தான்.

சந்தனக் கையோடு,
உன் மச்சான்
சம்பத்