மிஷினுக்கு நீட்டின கை

என் கண்ணு ஏகாம்பரம்,

நீ போன பிறகு ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான். நான் துறைமுகத்தில் நின்று முறைத்த முறைப்பில்தான் போனான் என்று மயிலாப்பூரில் பாதிப்பேர் பேசிக்கொள்கிறார்கள். ரேஷன் அரிசியில் கல் மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் எக்ஸ்ரே அறையில் இப்போது தணிகாசலம் என்று ஒருத்தன். அவனும் உன்னைப் போலத்தான். மிஷினில் கதிர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கக் காலையில் தன் கையையே திரைக்கு முன்னால் நீட்டுகிறான். எலும்பு தெரிந்தால் மிஷின் சரி. உன் விரல்கள் கறுத்து, வெடித்து, ஆறாமலே இருந்து உன்னைக் கொண்டுபோனது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நீட்டுகிறான்.

உனக்குப் புண் வந்ததும், "இனிமே என் கையை வைடா" என்று நான் நீட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? "மாமா, உன் எலும்பு பீமனோட கதாயுதம்" என்றாய். நீ சொல்லாவிட்டால் என்ன, சொன்னதாகத்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்புறம் தினமும் மிஷினுக்கு நீட்டின அந்தக் கை விரலில் ஆடி மாதம் வந்த புண் இன்னும் மூடவில்லை.

புண்ணைக் காட்டப் போனேன். உன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். சரி, ஜன்னலைச் சாத்தத்தான் எழுந்தார். "உடம்புல ஒவ்வொரு ஜீவ அணுவும் தன் கிழிசலைத் தானே ஒட்டுப்போட்டுக்கும் ஐயா. எப்படின்னு யாருக்கும் தெரியாது. தினம் கிழிச்சா எப்போ ஒட்டறது? கோணலா ஒட்டினா அந்தக் கோணலே பெருகும்."

விடுவேனா? "கதிர் பட்டுச் சாகக் கிடந்த கிருமிங்க வெளிச்சம் பட்டதும் பிழைச்சுதாம். பத்திரிகையில போட்டிருக்கே!"

"அது வேற கதிர். அது கிருமி. நீங்க மனுஷன்."

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், ஏகாம்பரம்.

ஆனாலும் காலையில் குளத்துப் படியில் உட்கார்ந்து விரலை வெயிலில் நீட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்கிறவர்களிடம், சூரியனுக்கு வழி காட்டுகிறேன் என்கிறேன். நீ இருட்டறையிலேயே கிடந்தாயே. உன்னைக் கொஞ்சம் வெயிலில் உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பாயோ? டாக்டர் இல்லை என்கிறார். இல்லையென்றே இருக்கட்டும்.

தணிகாசலத்துக்கு ஜாம்பஜாரில் ஆட்டுக்கால் எலும்பு வாங்கிக் கொடுத்து, கைக்குப் பதில் இதை வை என்றேன். மறுநாள் போனால் திரையில் அவன் கைதான்.

"எலும்பு எங்கடா?"

"சூப்பு வெச்சிட்டேன் நைனா. மெளகு போட்டா ஷோக்கா கீது."

"கை போயிடும்டா!"

"நமக்கு இன்னா, இளரத்தம். தானா ஆறிடும்."

நீயும் இதையேதானே சொன்னாய்?

நாளைக்கும் எலும்போடு போவேன். சூப்பு வைப்பான். மறுபடியும் போவேன். என் விரலை எடுக்க வேண்டுமாம். எடுத்தால் மிச்ச விரல்களால் எலும்புப் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். இதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

உன் அம்மாவின் தம்பி,
கன்னியப்பன் மாமா